கல் கட்டியும் மிதந்தவன்

1994. நொய்யல் கரையில் ஒரு சாயப்பட்டறை. விடிந்தும் விடியாத நேரம்.

தொட்டியைச் சுற்றி நான்கு பேர்.

இன்ஸ்பெக்டர் வெங்கடபதி. வாட்ச்மேன் நரசிம்மலு. பட்டறையை நடத்தும் கதிர்வேல். அவன் அப்பா, தோட்டத்துக்காரர் லட்சுமணசாமி.

ஐந்தாவது ஆளும் இருந்தான்... தொட்டியில் மிதந்துகொண்டு!

பாலுசாமி. அந்த வீட்டு மாப்பிள்ளை. இடுப்பில் மாட்டுக் கயிறு. கயிற்றில் அம்மிக் குழவி!

"நேத்து கோயில் வாசல்ல மச்சானை அறைஞ்சீங்களாமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கதிர்வேல் கும்பிட்டான்.

"ஊரு முன்னால என் தங்கச்சியைத் தள்ளி வெக்கறேன்னாருங்க. கை நீண்டுபோச்சு. கொல்லலைங்க!"

"பூட்டு உடையல. சாவி யாருகிட்ட?"

"எங்கிட்ட ஒண்ணு. ஊட்டுல ஒண்ணுங்க."

லட்சுமணசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். நிமிர்ந்த முதுகு வளையவில்லை.

"தப்புப் பண்ணியிருந்தா எம்பட மகனானாலும் விலங்கு மாட்டுங்க. எங்க குடும்பம் குறுக்கே நிக்காதுங்க."

"அப்பா!"

விலங்கு மணிக்கட்டைத் தொட்டது. கதிர்வேலின் கண் முன் தூக்குக் கயிறு ஆடியது.

"சார்... இது உப்புக் கரைக்கிற தொட்டிங்க! சாயம் புடிக்க மூட்டை மூட்டையாக் கொட்டறோம். நல்ல தண்ணியை விட இது கனமுங்க. ஆளும் கல்லும் முழுசா முழுகோணும்னா, அதுக்கு ஒதுங்கற உப்புத் தண்ணி அந்த ரெண்டோட எடையை விடக் கனம்! எப்படிங்க முழுகும்?"

"அதனால?"

"அது தெரிஞ்ச நான் இதுலயா போடுவேன்? எதுத்தாப்புல நல்ல தண்ணித் தொட்டி இருக்குதுங்களே! அதுல போட்டிருந்தா இதே குழவியோட பொணம் அடியில கெடந்திருக்கும்!"

இன்ஸ்பெக்டரின் கை நின்றது.

"அப்ப உப்புன்னு தெரியாதவன் போட்டிருக்கான். ஆனா சாவி இருக்கறவன். யாரு?"



நரசிம்மலு முந்தினான். "பட்டறையில எல்லார்த்துக்கும் தெரியுமுங்க சார். பெரியவர் ஒருத்தருதான் இன்னைக்கு முன்னால இதுக்குள்ள காலே வெச்சதில்லீங்க. வெள்ளாமை பூமியில சாயம் காச்சறாங்கன்னு கோவமுங்க."

கதிர்வேல் மாட்டுக் கயிற்றைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். பேசாமலே தூக்குக்குப் போயிருக்கலாம்!

"அப்பா... நீங்களா?"

"ஊட்டு மானம்டா!" லட்சுமணசாமி பல்லைக் கடித்தார். "உப்புன்னு ஊட்டுல ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

விலங்கு கை மாறியது.

மகனைக் காப்பாற்றப் பெரியவர் பழியைத் தானே ஏற்றுக்கொண்டாராம் என்று தாராபுரம் வரை பேச்சு.

தவறு.

பிணம் மிதந்ததும், தன் தலை தப்ப அவர் மகனை மாட்டிவிடத்தான் பார்த்தார். தண்ணீர்தான் ஒத்துழைக்கவில்லை!