இடிவீரனிடம் இல்லாத பதக்கம்

பொத்தானுக்குக் கணினி விளையாட்டு என்றாலே ஆகாது. இடது பக்கம் திரும்பச் சொன்னால் மரத்தில் போய் முட்டுவாள். குதிக்கச் சொன்னால் குளத்தில் விழுவாள். அப்படிப்பட்டவள்தான் அன்று சாயங்காலம் கணினி முன்னால் உட்கார்ந்து வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அவள் தம்பிக்காக. வாய் ஓயாமல் பேசுவதால் அவனுக்கு வீட்டில் சில்வண்டு என்று பெயர். நான்கு நாளுக்கு முன் சைக்கிளிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டான். விரல் நுனிவரை மாவுக்கட்டு. வாய்க்கு மட்டும் கட்டுப் போடவில்லை.

“அக்கா, வெட்டு! வெட்டுக்கா! ஐயோ, குனிஞ்சு பூவைப் பறிக்கிறியே!”

“நான் எங்கேடா பறிச்சேன்? அதுவா பறிக்குது!”

திரையில் ஒரு பெரிய கோடரி மின்னியது. பொத்தானின் குட்டி வீராங்கனை பந்து மாதிரி உருண்டு காட்டு ஓரத்தில் போய் விழுந்தாள். பக்கத்தில் நின்ற வெள்ளைக் குதிரைக்குட்டியின் கழுத்திலிருந்து ஒரு மணி உதிர்ந்தது.

சில்வண்டு பேச்சை நிறுத்தினான். அதுதான் பொத்தானுக்குப் பயமாக இருந்தது.

அந்தக் குதிரைக்குட்டியின் பெயர் நுரை. ‘ஏழு மலை உலகம்’ என்ற விளையாட்டில் அதை முட்டையிலிருந்து வளர்த்தவன் சில்வண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினம் ஒரு மணி நேரம் அதற்குப் புல் கொடுப்பான், பிடரியை வாருவான், பேச்சுக் கொடுப்பான். நாற்பதாவது நாள் மாலை ஆறு மணிக்குள் நுரை மலை ஊற்றில் தண்ணீர் குடித்தாக வேண்டும். குடித்தால் சிறகு முளைக்கும். இல்லாவிட்டால் கல்லாகிவிடும். அன்றுதான் நாற்பதாவது நாள். மணி ஐந்தரை.

ஊற்றுக்குப் போக ஒரே ஒரு கயிற்றுப்பாலம்தான் இருந்தது. அதன் வாசலில் கோடரியோடு நின்றான் இடிவீரன். அவனை விளையாடுகிறவர் யார், எந்த ஊர், சின்னவரா பெரியவரா என்று யாருக்கும் தெரியாது. அடித்தால் ஒரே அடி, அவ்வளவுதான்.

அழைத்துப் போகிறவர் ஒருமுறை விழுந்தால் நுரையின் மணி ஒன்று உதிரும். மொத்தம் மூன்று மணிகள். இரண்டு போய்விட்டன. கடைசியும் உதிர்ந்தால் ஆறு மணிவரைகூடக் காத்திருக்காமல் அது அங்கேயே கல்லாகிவிடும்.

“விடுக்கா,” என்றான் சில்வண்டு. “அவன் பலம் தொண்ணூறு. நம்ம பலம் ஆறு. தலைகீழா நின்னாலும் முடியாது.” சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

அவன் அழுது பொத்தான் பார்த்து எத்தனையோ நாள் ஆயிற்று. கை முறிந்தபோதுகூட ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் வளவளவென்று பேசிக்கொண்டுதான் இருந்தான்.

அடுத்த அறையில் தையல் மெஷின் சத்தம் நின்றது. “பொத்தான்! எட்டு சட்டை பார்க்காமக் கிடக்கு. ஆறு மணிக்கு ஆள் வந்துடுவாரு!” என்று அம்மா குரல் கொடுத்தாள்.

“இதோ வர்றேம்மா!”

அம்மா தைத்து முடித்த சட்டைகளில் எங்கேனும் பொத்தான் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது இவள் வேலை. இரண்டு வயதில் ஒரு சட்டைப் பொத்தானை விழுங்கி வீட்டையே கலக்கியதால் வந்த பெயருக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தம் இல்லை. சட்டையைக் கையில் எடுத்தால் அவள் கண்ணுக்கு இருக்கிற பொத்தான்கள் தெரியாது. இல்லாத இடம்தான் முதலில் தெரியும்.

இப்போதும் அப்படித்தான் ஆயிற்று. வெறுமனே இடிவீரனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“டேய், அவன் மார்புல என்னடா வரிசை வரிசையா?”

“பதக்கம். ஆளுங்களை அடிச்சு வாங்கினது,” என்றான் சில்வண்டு, சுவரைப் பார்த்தபடியே.

“கடைசி வரிசையில ஒண்ணு காலியா இருக்கே.”

அந்தக் காலி வட்டத்தின் மேல் அவள் மவுஸை வைத்தாள். சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது: ‘வழித்துணைப் பதக்கம். பிறர் கேட்டுத் துணையாகச் சென்றவருக்கு மட்டும்.’

பொத்தான் அதை இரண்டு முறை படித்தாள். இத்தனை பதக்கம் வைத்திருக்கிறான். இதை மட்டும் அவனால் அடித்து வாங்க முடியாது. யாராவது கேட்க வேண்டும். அவனைக் கண்டாலே எல்லோரும் ஓடும்போது யார் கேட்பார்கள்?

“சில்வண்டு, துணை கேக்கறது எப்படிடா?”

“மஞ்சள் கொடியை நட்டு, போற இடத்தை எழுதணும். ஒத்துக்கிட்டவன் அங்க போய்ச் சேர்ற வரைக்கும் கூட வர்றவங்களை அடிக்க முடியாது.” சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று திரும்பினான். “யார்கிட்ட கேக்கப்போற?”

“அவன்கிட்டத்தான்.”

“உனக்கென்ன பைத்தியமா? கடிக்க வர்ற நாய்கிட்டயே வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுன்னு சொல்லுவியா?”

பொத்தான் காட்டு ஓரத்தைப் பார்த்தாள். அங்கே மரத்தடியில் பலர் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். காளான் தொப்பி போட்ட ஒரு குட்டிப்பயல், தவளை மேல் ஏறிய ஒருத்தி, தன்னைவிடப் பெரிய மூட்டை சுமந்த ஒரு மந்திரவாதி. எல்லோரும் இடிவீரனிடம் அடி வாங்கியவர்கள்.

“கொடியோட எத்தனை பேர் வரலாம்?”

“கொடிக்கயிறைப் பிடிச்சவங்க எல்லாரும் வரலாம். ஏன்?”

அவள் மரத்தடிக்குப் போய் ‘எங்களோட வர்றீங்களா?’ என்று தட்டினாள். ஒவ்வொருவராக எழுந்து வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு பாலத்து வாசலில் கொடியை நட்டாள். போகும் இடம் ‘அக்கரை’ என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்தாள். அதை அழித்துவிட்டு ‘மலை ஊற்று’ என்று எழுதினாள்.

“அக்கரைன்னு போட்டா அங்க இறங்கினதும் அடிச்சிடுவான், இல்ல?” என்றாள்.

சில்வண்டு வாயைப் பிளந்தான். அவனுக்கே அது தோன்றியிருக்காது.

மணி ஐந்து நாற்பத்தைந்து. பொத்தான் இடிவீரனுக்கு எழுதினாள்: “எங்களுக்குத் துணையா வர்றீங்களா?”

ஓங்கிய கோடரி பாதி வழியில் நின்றது.

“என்னையா கேக்கறே?” என்று வந்தது பதில்.

“ஆமா. இந்தப் பக்கத்துல உங்களைவிடப் பலசாலி யாரும் இல்லையே.”

“இதுல ஏதோ தந்திரம் இருக்கு.”

பொத்தான் விரலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு உள்ளதை உள்ளபடியே எழுதினாள். “இருக்கு. நீங்க துணையா வந்தா எங்களை அடிக்க முடியாது. குதிரைக்குட்டி பொழைச்சுக்கும். ஆனா உங்களுக்கும் அந்தக் காலி இடம் நிறையும்.”

“போச்சு! எல்லாத்தையும் சொல்லிட்டியே!” என்று சில்வண்டு நல்ல கையால் தலையில் அடித்துக்கொண்டான்.

இடிவீரன் அசையவில்லை. சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்றது. பிறகு அவன் கோடரியை முதுகில் மாட்டினான். மஞ்சள் கொடியைப் பிடுங்கிக் கையில் எடுத்தான். திரும்பிப் பார்த்தவன் அப்படியே நின்றான். கயிறு காட்டு ஓரம் வரை நீண்டிருந்தது.

“இது என்ன ஊர்வலம்?”

“இருபத்து மூணு பேர். எத்தனை பேருன்னு நீங்க கேக்கலையே.”

“என்னை நல்லா மாட்டி விட்டுட்டே.” ஆனால் கொடியைக் கீழே போடவில்லை. நடக்கத் தொடங்கினான்.

பாலம் காற்றில் ஆடியது. நடுவழியில் காளான் தொப்பிப் பயல் பின்தங்கிவிட்டான். மணியோ ஐந்து ஐம்பத்து மூன்று. முன்னால் போன இடிவீரன் நின்றான். திரும்பி வந்து அந்தக் குட்டிப்பயலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். யாரும் அவனிடம் அதைக் கேட்கவில்லை.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு நுரை ஊற்றில் வாயை வைத்தது. முதலில் ஒன்றும் ஆகவில்லை. சில்வண்டு அக்காவின் தோளை நசுக்கிப் பிடித்துக்கொண்டான். பிறகு குட்டியின் முதுகில் இரண்டு வெள்ளைச் சிறகுகள் விரிந்தன. அது எழும்பி, இடிவீரனின் தலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது.

“அக்கா! பறக்குது! என் நுரை பறக்குதுக்கா!” சில்வண்டு கட்டிலில் ஏறிக் குதித்த குதியில், அம்மா கத்தரிக்கோலும் கையுமாக ஓடி வந்தாள்.

“இன்னொரு கையையும் முறிச்சுக்கறதா உத்தேசமா?”

“அம்மா, அக்கா ஒரு அடிகூட அடிக்காம ஜெயிச்சிட்டா!”

“ரொம்ப சந்தோஷம். என் சட்டை எட்டும் அப்படியே இருக்கு,” என்றாள் அம்மா. ஆனாலும் திரையை எட்டிப் பார்க்காமல் போகவில்லை.

திரையில் இடிவீரனின் மார்பில் காலி வட்டம் நிறைந்துவிட்டது. ‘நன்றி’, ‘நன்றி’ என்று வரிசையாக இருபத்து மூன்று பேரும் எழுதினார்கள். ஒவ்வொருவராக அவரவர் வழியில் போனார்கள். அவன் மட்டும் ஊற்றங்கரையிலேயே நின்றான். பொத்தான் எழுந்து சட்டைகளைப் பார்க்கப் போகும் நேரத்தில் அவனிடமிருந்து ஒரு வரி வந்தது.

“நாளைக்கும் யாராவது என்னைத் துணைக்குக் கூப்பிடுவீங்களா?”

பொத்தான் தம்பியைப் பார்த்தாள். நுரையின் இரண்டு மணிகளை உதிர்த்தவன் இடிவீரன்தான். பதில் சொல்ல வேண்டியது அவள் இல்லை, தம்பிதான்.

சில்வண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இடது கையின் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினான்:

“நாலு மணிக்கு வந்துடு. லேட் பண்ணாதே.”