திறக்கக் கூடாத கொக்கி

கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது சடசடவென்று ஒரு சத்தம் கேட்டது. ஆலங்கட்டி மழையோ என்று எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். மழையுமில்லை, ஒன்றுமில்லை. பென்சிலின் கழுத்து மாலை அறுந்து, பச்சை மணிகள் தரையெங்கும் உருண்டோடிக்கொண்டிருந்தன.

பென்சில் என்றால் எழுதுகிற பென்சில் இல்லை. வகுப்பிலேயே உயரமான, ஒல்லியான பெண்ணுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் அது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் பட்டாணி. ஏன் பட்டாணி என்று கேட்கவே வேண்டாம், ஒரு தடவை அவளைப் பார்த்தால் போதும்.

"யாரும் காலை அசைக்காதீங்க! மிதிச்சா போச்சு!" என்று கத்திக்கொண்டே பட்டாணி பெஞ்சுக்கடியில் புகுந்தாள். அடுத்த நிமிஷம் பாதி வகுப்பு பெஞ்சுக்கடியில்தான் இருந்தது. கணக்கு டீச்சர்கூடக் குனிந்து, மேஜைக்கடியில் கிடந்த ஒரு மணியைத் தேடி எடுத்தார்.

பட்டாணியின் அம்மா மணிமாலை கோத்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். அதனால் மாலை விஷயத்தில் பட்டாணியை அசைக்க முடியாது. அவள் எந்த மாலையைப் பார்த்தாலும் முதலில் மணியைப் பார்க்க மாட்டாள். கொக்கியைத்தான் பார்ப்பாள். கொக்கி சரியில்லாத மாலை உருப்படாது என்பது அவர்கள் வீட்டுப் பேச்சு.

மணிகளைக் கைக்குட்டையில் கொட்டிவிட்டு, அறுந்த நூலோடு தொங்கிய கொக்கியை எடுத்துப் பார்த்தாள். பித்தளைக் கம்பியை வளைத்துச் செய்த பழைய கொக்கி. ஒரு பக்கம் நசுங்கி, கோணலாக மூடிக்கிடந்தது.

"மணியெல்லாம் நல்லா இருக்கு. கொக்கிதான் தண்டம்," என்றாள் பட்டாணி. "இதைத் தூக்கிப் போட்டுடலாம். எங்க வீட்ல புதுசு நிறைய இருக்கு, காசெல்லாம் வேண்டாம். ஆமா, இதை யாரு இப்படிக் கடிச்சு வெச்சது? எலியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

பென்சில் சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுத்துப்போயிற்று. கொக்கியையும் கைக்குட்டையையும் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். அன்று முழுக்க அவள் பட்டாணியோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பட்டாணிக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லதுதானே சொன்னோம், இதற்குப் போய் இவ்வளவு கோபமா? சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் சாப்பாடு இறங்கவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பென்சிலின் வீட்டுக்கு ஓடினாள்.

பென்சில்தான் கதவைத் திறந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவள் அப்பா பஸ் ஓட்டுநர், வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. அம்மா இல்லை. போன பரீட்சை லீவுக்குக் கொஞ்சம் முன்னால்தான் அவள் அம்மா இறந்துபோனார்.

"எதுக்கு வந்தே?"

"நான் என்ன தப்பா சொன்னேன்னு தெரியலை. ஆனா ஏதோ தப்பா சொல்லிட்டேன். அதான் வந்தேன்."

பென்சில் கதவை விட்டு விலகி வழிவிட்டாள். பிறகு உள்ளங்கையை விரித்தாள். அதில் அந்தக் கொக்கி இருந்தது.

"எலி இல்ல," என்றாள். "எங்கம்மா."

பட்டாணிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அன்னிக்கு ஸ்கூலுக்குக் கிளம்பும்போது கொக்கி கழண்டு கழண்டு வந்துச்சு. குறடு கிடைக்கலை. நேரமாச்சுன்னு அம்மா பின்னாடி நின்னு பல்லாலயே கடிச்சு மூடிட்டாங்க. 'இனிமே கழலாது, ஓடு'ன்னாங்க. நான் சாயங்காலம் வர்றப்போ அம்மா இல்ல." அவள் குரல் உடைந்தது. "அதுக்கப்புறம் நான் அதைத் திறக்கவே இல்ல. குளிக்கிறப்பவும் கழட்டலை, தூங்குறப்பவும் கழட்டலை. அதான் நூல் இத்துப்போச்சு. கொக்கி இன்னும் அம்மா மூடினபடியே இருக்கு. அதைப் போய் நீ தூக்கிப் போடச் சொல்றே."

பட்டாணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் வாயைத் தானே கிள்ளிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. வகுப்பே சிரிக்கும்படி எலி என்றாளே!

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"சொல்லலை. அம்மா பேச்சை எடுத்தாலே எழுந்து போய் முகம் கழுவிட்டு வருவார். நீயும் சொல்லிடாதே."

"சொல்ல மாட்டேன். மாலையை எங்கிட்ட குடு. கொக்கியைத் திறக்காமலே கோத்துத் தர்றேன்."

"நிஜமா?"

"நிஜமா."

சொல்லிவிட்டாளே தவிர, படி இறங்கும்போதே பட்டாணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கொக்கி திறக்காவிட்டால் மாலையை எப்படிப் போடுவது, எப்படிக் கழற்றுவது?

அவள் அம்மாவும் அதையேதான் கேட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டார். கொக்கியை விளக்கருகில் பிடித்துப் பார்த்தார். பல் பதிந்த இடம் தெளிவாகத் தெரிந்தது.

"பாவம்டி அந்தப் பொண்ணு," என்றார். "ஆனா இது கழுத்தை ஒட்டின மாலையாச்சே. திறக்காம தலை வழியா இறங்காது. நீளமாக் கோக்கலாம்னா மணி பத்தாது."

"வேற மணி சேர்த்தா?"

"அப்புறம் அது அவ மாலையா இருக்குமா?"

"எலாஸ்டிக்?"

"கண்ணாடி மணி ஓரம் கூர்மை. எலாஸ்டிக்கை அறுத்துடும். மறுபடி நடுவகுப்புல கொட்டும்."

பட்டாணி மணிகளைத் துணிமேல் வட்டமாக அடுக்கிப் பார்த்தாள். பின்பக்கம் அந்தக் கொக்கி. ஓரிடத்தில் கொஞ்சம் இடைவெளி விழுந்தது. சில மணிகள் எங்கே போய் ஒளிந்தனவோ, தேடியும் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பாத்திரம் கழுவிவிட்டு வந்தார். அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அம்மா! ஒரு மாலைக்கு ஒரே ஒரு கொக்கிதான் இருக்கணும்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலை. ஏன்?"

"வீட்டுக்கு ரெண்டு வாசல் இருக்குல்ல? அது மாதிரி. இந்த வாசல் மூடியே இருக்கட்டும். மணி குறையுற இடத்துல இன்னொரு வாசல் வெச்சிடலாம். அதுவும் முன்பக்கமா வரும். அவளே மாட்டிக்கலாம்!"

அம்மா அவளைப் பார்த்தார். கொக்கிப் பெட்டியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

பிறகு வேலை நடந்தது பாருங்கள், அது லேசான வேலை இல்லை. பழைய நூலின் முடிச்சை வெட்டும்போது பித்தளைக் கொக்கிமேல் கத்தரி படக் கூடாது. பட்டாணி அதைப் பஞ்சுத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, அம்மா முடிச்சை மட்டும் நறுக்கினார். இத்துப்போகாத மெல்லிய கம்பி நூலில் மணிகளைக் கோத்தாள் பட்டாணி. நூல் நுனியைக் கொக்கியின் வளையத்துக்குள் விட்டு மடக்கி, அது நழுவாமலிருக்க ஒரு குட்டி உலோக மணியைக் குறடால் நசுக்க வேண்டும். பட்டாணி அவசரத்தில் ஓங்கி நசுக்கினாள். கம்பி பட்டென்று அறுந்து, மணிகள் மறுபடி சிதறின.

"போச்சுடா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"மெதுவாடி. அதைக் கொல்லச் சொல்லலை, பிடிச்சுக்கத்தான் சொன்னேன்," என்றார் அம்மா.

மறுபடி பொறுக்கினாள், மறுபடி கோத்தாள். இந்தத் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல நசுக்கினாள். இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. இடைவெளியின் ஒரு முனையில் ஒரு வளையம். மறுமுனையில் ஸ்பிரிங் வைத்த சின்னக் கொக்கி. நகத்தால் தள்ளினால் வாயைத் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும்.

மறுநாள் சாயங்காலம் மாலையை எடுத்துக்கொண்டு போனபோது, பென்சிலின் அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். காக்கிச் சட்டைகூட மாற்றவில்லை. பட்டாணி மாலையைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள். ஆனால் பென்சில் மாலையைப் பார்த்துவிட்டாள். ஓடி வந்து வாங்கி, முதலில் பழைய கொக்கியைத் தடவிப் பார்த்தாள்.

"திறக்கலையே?"

"திறக்கலை. நீ இனிமே கழட்டிட்டுக் குளிக்கலாம், தூங்கலாம். திறக்கிறதுக்கு இது வேற." பட்டாணி புதுக்கொக்கியைக் காட்டினாள்.

"பழசை ஏம்மா விட்டுவெச்சே?" என்று அப்பா கையை நீட்டி மாலையை வாங்கினார். "கோணலா இருக்கே. என்ன ஆச்சு இதுக்கு?"

பட்டாணி வாயே திறக்கவில்லை. பென்சில் தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா பல்லால கடிச்சு மூடினது. அன்னிக்குக் காலைல."

அப்பா பின்கட்டுப் பக்கம் திரும்பினார். முகம் கழுவப் போகிறார் என்றே பட்டாணி நினைத்தாள். இரண்டடி வைத்தவர் நின்றுவிட்டார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கொக்கியைக் கட்டைவிரலால் தொட்டுக்கொண்டே இருந்தார். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஏன்டா கண்ணு எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீங்க அழுவீங்க."

"அழுதா என்ன? அழுதுட்டுப் போறேன். நீ பக்கத்துல இருக்கியே."

பென்சில் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். பட்டாணிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் கண்ணெல்லாம் மங்கலாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பென்சில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். அப்பா மடியில் கிடந்த மாலையை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"மாட்டி விடுங்கப்பா."

அந்தக் கொக்கி முன்பக்கம் இருப்பதே அவளே மாட்டிக்கொள்ளத்தான். பட்டாணி அதைச் சொல்ல வாயெடுத்தாள். என்னவோ தோன்றியது, சொல்லாமல் விழுங்கிவிட்டாள்.

பெரிய பஸ்ஸையே திருப்புகிற கைகள் அவருடையவை. அந்தத் தம்மாத்துண்டு கொக்கி அவர் விரல்களுக்குள் அகப்படவே இல்லை. வாயைத் திறந்தால் வளையம் நழுவியது. வளையத்தைப் பிடித்தால் கொக்கி மூடிக்கொண்டது. "அடச் சே!" என்றார். அழுத முகத்தோடே பென்சில் களுக்கென்று சிரித்தாள்.

பட்டாணிக்குக் கை துறுதுறுத்தது. ஒரே நொடியில் அவள் மாட்டிவிடுவாள். ஆனாலும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் மாட்டி முடிக்கும்வரை பேசாமல் நின்றாள்.