மூடியின் உட்புறம்

மோட்டார் செத்து, வயரும் பிடுங்கப்பட்ட ஃப்ரீசருக்குள்ளிருந்து யாரோ இரண்டு தரம் தட்டினார்கள்.

மோலி அடுப்பைத் தணித்தாள். பிற்பகல் மூன்று மணி. மாடிவீட்டுப் பிள்ளைகள் "ஒந்து, எரடு, மூரு" என்று கன்னடத்தில் எண்ணிக் கண்ணாமூச்சி ஆடிய கூச்சல் தெருப்பக்கம் போய்விட்டிருந்தது. சமையலறையில் கிராம்பும் வெங்காயமும் மணந்தன. கணவர் பர்னபாஸ் இறந்து இன்று நாற்பதாம் நாள்; மாலை ஜெபத்துக்கு ஆட்கள் வருவார்கள்.

மறுபடி இரண்டு தட்டு.

அது அவருடைய தட்டு. கணக்கு வாத்தியார் வீட்டுக்கு வந்தாலும் வாத்தியார்தான். ஃப்ரீசருக்குக்கூடச் சட்டம் போட்டிருந்தார். ஒவ்வொரு முறை ஐஸ் கரைத்துத் துடைத்ததும், வகுப்பறைப் பலகையில் எழுதும் மார்க்கரால் மூடியின் உட்புறத்தில் புதிதாக எழுதிவைப்பார். 'மோலி, மறக்காதே' என்று தலைப்பு. கீழே: சூடானதை உள்ளே வைக்காதே. கரைந்த கறியைத் திரும்ப உறைய வைக்காதே. மூடியபின் இரண்டு தட்டுத் தட்டிப் பார். கடைசியாக எழுதிய பத்தாம் நாள் மூச்சுத்திணறலில் போய்ச் சேர்ந்தார்.

நேற்று பழைய சாமான் எடுக்க வந்த ரத்தினசாமி, ஹனூர்க்காரர், ஃப்ரீசரைப் பின்சந்துக்கு நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "மூடியக் கழட்டிப்போட்டர்றனுங்க அம்மிணி. பழைய கொக்கி, சாத்துனாத் தானா மாட்டிக்கும். உள்ளாற இருந்து தொறக்க வராது. கொழந்தைங்க ஓடியாடற எடமுங்க."

"கழட்டுறப்ப எழுத்து அழிஞ்சிடும் அண்ணா. நாளைக்கு சாயந்தரம் பெங்களூர்லேர்ந்து எம்மவன் எரிக் வந்து பத்திரமா எடுத்துடுவான். ஒரு நாள்தானே."

ஒரு நாள்தானே. யார்தான் அப்படிச் சொல்லாமல் இருக்கிறோம்?

மோலி பின்கதவைத் திறந்தாள். சந்தில் வெயில் பாதிச் சுவர் வரைதான் இறங்கியிருந்தது. பழைய ஐஸும் ரப்பரும் கலந்த வாடை அடித்தது. அருகில் போனதும் உள்ளேயிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. தடித்த சுவருக்குள் அமுங்கி, இழுத்து இழுத்து, மெல்லியதாக. அந்தச் சத்தத்தை அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் மூச்சுக்கு அலைந்த இழுப்பு.

நாத்தனார் நிம்மி காலையில்தான் போனில் சொல்லியிருந்தாள்: "நாப்பதாம் நாள் அண்ணன் விடைவாங்க வருவாரு அண்ணி. எது தட்டினாலும் திறக்காதீங்க. திறந்தா போகமாட்டாரு, இங்கயே கெடந்து அல்லாடுவாரு. ஜெபமாலை சொல்லி அனுப்பிவைங்க."

கை கொக்கி வரை போயிற்று. திறந்தால் ஒருமுறை பார்க்கலாம். ஒரே ஒருமுறை. ஆனால் மறுபடி அந்தத் திணறலுக்கா அவரை இழுத்துவைப்பது? கையை இறக்கிக்கொண்டாள்.

"போங்க," என்றாள். "என்னைப் பத்திக் கவலப்படாதீங்க. நிம்மதியாப் போங்க."

தட்டு பலத்தது. இரண்டு இரண்டாக அல்ல, கணக்கில்லாமல். மோலி மூடியின்மேல் குனிந்து, இரு கைகளையும் விரித்து, கன்னத்தை அதில் பதித்துக்கொண்டாள். நாற்பது நாளாக வராத அழுகை இப்போது வந்தது. ஜெபமாலையை உருட்டினாள். முதல் பத்து மணி முடியும்வரை தகரம் அவள் கன்னத்தில் அதிர்ந்தது. மூன்றாம் பத்தில் விட்டுவிட்டு. நான்காம் பத்தில் ஏதோ பிறாண்டியது.

ஐந்தாம் பத்தில் ஒன்றுமில்லை.

போய்விட்டார். மனசு லேசாயிற்று. வெட்கமில்லாமல் சொல்வதென்றால், அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"ஆன்ட்டி!" மாடிவீட்டுப் பிள்ளைகளின் அம்மா மனிஷா சந்து முனையில் நின்றாள். "எங்க மேதா இங்க வந்தாளா? ஆட்டத்துல எல்லாரும் ஆப்ட்டாச்சு. அவ மட்டும் இல்ல. அரை மணி நேரமாத் தேடறேன்."

"இல்லையே. பாப்பா இந்தப் பக்கம்..."

மோலி பேச்சை நிறுத்தினாள்.

ஃப்ரீசரின் ஓரத்தில், கவிழ்த்துப் போட்ட வாளி. படி மாதிரி. அதன் பக்கத்தில் ஒரு ஜோடி ரோஸ் செருப்பு. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வெளியே கழற்றவேண்டும் என்று பழக்கிய பிள்ளை. ஒழுங்காக, ஜோடி சேர்த்து.

மனிஷா அதைப் பார்க்கவில்லை. இன்னும் பார்க்கவில்லை.

மோலியின் விரல்கள் கொக்கியைத் தேடின. வழுக்கின. மறுபடி தேடின. க்ளிக்.

மூடி எழுந்தது. வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது.

அவள் கீழே பார்க்கவில்லை. மூடியைத்தான் பார்த்தாள். உட்புறம் முழுக்க நீர் கோத்து வழிந்தது. அதில் சின்னச் சின்ன உள்ளங்கைகள். ஒன்றின்மேல் ஒன்றாக. பர்னபாஸின் எழுத்தெல்லாம் கரைந்து, கறுப்பாக ஒழுகி, கீழே சொட்டிக்கொண்டிருந்தது.

பிஞ்சுக் கை எட்டாத மேல்வரி மட்டும் அழியவில்லை.

மோலி, மறக்காதே.