சாம்பல் வீடு

ஆட்ட நாள் காலையில் பவுலின் ஒரு பாத்திரத்து வெந்நீரில் கைகளை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். யாராவது கேட்டால், விரல் இளகுவதற்காக என்பாள். அந்த நேரத்தில் யாரும் வந்து பேச மாட்டார்கள் என்பதுதான் உண்மையான காரணம். சிப்பித்துறையில் அவளுக்குக் கொடுத்த அறை பள்ளிக்கூடத்தின் மாடியில் இருந்தது. கீழ்த்தளத்தைக் கடல் எடுத்துக்கொண்டு சில வருடங்கள் ஆகிவிட்டன. தண்ணீர் ஏறும்போது படிக்கட்டில் அலை வந்து மோதுவது மேலே கேட்கும்.

ஊர்க் கமிட்டித் தலைவர் இஞ்ஞாசி கதவை லேசாகத் தட்டினார்.

"ஆளுக எல்லாம் வந்துட்டாவ ம்மா. சீட்டுத் தொட ஆரம்பிச்சிரலாமா?"

"ஆரம்பிங்க. நான் வாரேன்."

பக்கத்து வகுப்பறையில் மேசைமேல் மின்தாள் சீட்டுகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து ஒரு சீட்டின்மேல் பெருவிரலை வைத்தார். சீட்டு லேசாகச் சூடாகும். பிறகு அதில் ஒரு படம் தெளியும்: தீப்பந்தம் ஏந்திய காலாள், எரியும் பிடரியுள்ள குதிரைமேல் ஒருத்தி, ஈட்டிக்காரன். மூலையில் அந்த வீட்டின் கதவு எண் சிறியதாக விழும். பவுலின் அப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எந்த முகம் எந்தச் சீட்டைத் தொட்டது என்று தெரிந்தால் ஆட முடியாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒருமுறை தெரிந்துகொண்டு பட்டிருக்கிறாள்.

ஐங்குலம் ஒரு காலத்தில் பிள்ளைகள் விளையாடிய சீட்டாட்டம். அதில் மந்திரவாதிகளும் பறக்கும் பாம்புகளும் நடக்கும் மரங்களும் உண்டு. கடல் ஏறத் தொடங்கி, மேட்டு நிலத்துக்காக ஊரும் ஊரும் மோதிக்கொண்டபோது, நீதிமன்றத்தில் வழக்கு முடிவதற்குள் வழக்குப் போட்டவர்களின் தெருவே தண்ணீருக்குள் போனது. இயந்திரத் தீர்ப்பை யாரும் நம்பவில்லை. இரண்டு தரப்புக்கும் விதி முழுக்கத் தெரிந்திருந்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். அது இந்த ஆட்டம். வேடிக்கையாக யாரோ சொன்ன யோசனை, ஒரு தலைமுறைக்குள் ஆட்டத் தீர்ப்புச் சட்டம் ஆகிவிட்டது.

இன்று சிப்பித்துறையும் அதற்கு வடக்கே உப்பளத்துக்காரர்கள் வாழும் அளத்தூரும் மேட்டுநகரில் புதிதாகக் கட்டிய ஒரு வரிசை வீடுகளுக்காக ஆடின. ஜெயித்த ஊர் குடிபோகும். தோற்ற ஊர் அடுத்த வரிசை கட்டி முடியும்வரை இருந்த இடத்திலேயே இருக்கும்.

பவுலின் எரிகுலம் ஆடுகிறவள். ஐந்து குலங்களில் மிக வேகமானது அது. மற்ற குலத்து வீரர்கள் களத்துக்கு வந்து ஒரு சுற்று காத்திருந்துதான் தாக்குவார்கள். எரிகுலத்து வீரன் வந்த கையோடு பாய்வான். சுவர் கட்டமாட்டான், காயத்தை ஆற்றிக்கொள்ள மாட்டான். எதிராளி காலூன்றுவதற்குள் கோட்டையை இடித்துவிட வேண்டும். இடிக்காவிட்டால், நேரம் ஆக ஆக எரிகுலம் கரைந்துபோகும். அதனால் அதற்கு ஒரு சலுகை உண்டு. அதன் பெயர் வேள்வி. களத்தில் நிற்கும் தன் வீரன் ஒருவனைத் தீயில் போட்டால், அவன் பலம் எந்தச் சுவரும் தடுக்காமல் நேராக எதிரியின் கோட்டையில் இறங்கும்.

எதிரியிடம் அடிபட்டு விழுந்த சீட்டு திரும்பச் சீட்டுக்கட்டுக்குள் வந்துவிடும். வேள்வியில் போட்ட சீட்டு வராது. சலுகைக்கு விலை வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஊர் ஜெயித்தாலும், அந்தச் சீட்டில் கதவு எண் இருந்த வீட்டுக்கு மேட்டுநகரில் இடம் கிடையாது. அதைச் சாம்பல் வீடு என்பார்கள்.

ஐந்தில் மெதுவான வேர்க்குலத்தைப் பொறுமையாக ஆடினால் ஒரு வீட்டையும் எரிக்க வேண்டாம். ஆனால் அந்த ஆட்டம் மாதக்கணக்கில் இழுக்கும். அதற்குள் ஏதாவது ஒரு புயலில் தெருவே போய்விடும். அந்தச் சாவுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. பெரும்பாலான கமிட்டிகள் யோசித்துப் பார்த்துவிட்டு எரிகுலத்துக்காரர்களையே கூப்பிட்டன. பவுலினுக்கு வேலை இல்லாத மாதம் என்று ஒன்று இல்லை.

இரண்டு ஊருக்கும் நடுவே நங்கூரமிட்ட மிதவைமேடையில் ஆட்டம் நடந்தது. அளத்தூருக்காக ஆடியவர் சிதம்பரதாணு. வேர்க்குலத்துக்காரர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்ளும் அறுபது வயது மனிதர். இருவரும் பல மேடைகளில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள்.

"முகம் வாடிக் கெடக்கே. தூங்கினியளா?" என்றார்.

"பஸ்ஸுல தூங்கினேன்."

நடுவர்ப்பொறி மணி அடித்தது. பவுலின் முதல் சுற்றிலேயே குதிரைக்காரியை இறக்கி அடித்தாள். இரண்டாவதில் இரண்டு காலாட்கள். சிதம்பரதாணு ஒரு விதையை ஊன்றிவிட்டு அடியை வாங்கிக்கொண்டார். கரையில் பெரிய ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டிருந்த சிப்பித்துறை ஜனங்களின் சத்தம் தண்ணீர்மேல் வந்தது. நடுவில் அவர் முட்புதர் ஒன்றை எழுப்பியபோது பவுலின் அடுத்தடுத்து மூன்று சீட்டுகளைத் தீயில் போட்டு அதைத் தாண்டிப் போனாள். மூன்று முறையும் மூலையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள். கரையில் சத்தம் குறைந்தது.

மத்தியானம் வாக்கில் அளத்தூரின் கோட்டை தள்ளாடியது. அப்போது சிதம்பரதாணுவின் விதை ஆலமரமாக எழுந்து கோட்டையை மூடிக்கொண்டது. இனி வீரர்கள் யாரும் உள்ளே போக முடியாது. பவுலினுக்கு இரண்டு வழி இருந்தது. இருப்பவர்களில் இன்னும் இரண்டு பேரைத் தீயில் போட்டால் இப்போதே கோட்டை விழும். இல்லையென்றால் ஒரு சுற்று காத்திருக்கலாம். சீட்டுக்கட்டில், மரத்தைத் தாண்டிக் கோட்டையைச் சுடும் தீமந்திரச் சீட்டுகள் இன்னும் சில இருந்தன. அவற்றில் எந்த வீட்டின் எண்ணும் கிடையாது. அடுத்து எடுக்கும் சீட்டு அதுவாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்தால் யாரையும் எரிக்காமல் முடித்துவிடலாம். வராவிட்டால் உடனே தோற்றுவிட மாட்டாள். ஆட்டம் நீளும். சாயங்காலம்வரை, நாளைவரை, ஒருவேளை அதற்கு மேலும்.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். முதுகுத்தண்டின் அடியில் ஒரு வலி வெகுநாளாகக் குடியிருந்தது. நாளையும் இந்த வெயில், இந்த மேடை, இந்த மனிதரின் கண்ணாடி துடைப்பு என்று நினைத்தாள். பிறகு ஈட்டிக்காரனையும் ஒரு காலாளையும் எடுத்துத் தீக்கட்டத்தில் வைத்தாள். கோட்டை விழுந்தது.

சிதம்பரதாணு தலையை ஆட்டிவிட்டுக் கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு அவளுடைய சீட்டுக்கட்டைக் காட்டினார்.

"அடுத்த சீட்டு என்னன்னு பாக்கணுமா?"

"வேண்டாம்."

"நல்லது. நானும் பாக்கதில்ல," என்றார்.

வழக்கமாக, சாம்பல் வீடுகளின் எண்களை வாசிப்பதற்கு முன்பே ஆட்டக்காரரை ஆட்ட அலுவலகத்தின் விரைவுப் படகு ஏற்றிக்கொண்டு போய்விடும். அன்று படகு வரவில்லை. வழியில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று தகவல் வந்தது. இஞ்ஞாசி அவளைக் கரைக்குக் கூட்டி வந்து, பஸ் வரும் கரைமேடுவரை கொண்டுவிடச் சவேரி என்ற படகுக்காரரை ஏற்பாடு செய்தார். நாற்பதைத் தொடாத, ஒல்லியான ஆள். அவளுடைய பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "தண்ணி கொஞ்சம் ஏறட்டும் யக்கா. இப்பப் போனா தரை தட்டும்," என்றார். ஆக, அவள் நிற்க வேண்டியதாயிற்று.

ஒலிபெருக்கியில் இயந்திரக் குரல், தீயில் போட்ட வரிசையிலேயே ஐந்து எண்களை வாசித்தது. எண்ணுக்குப் பிறகு வீட்டுக்காரரின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு இடம் காலியானதுபோல் ஆட்கள் விலகி நின்றார்கள். நான்காவதாகச் சவேரியின் பெயர் வந்தது.

அவர் பையை இறக்கவில்லை. பக்கத்தில் நின்ற இஞ்ஞாசிதான் தடுமாறினார்.

"ஏ சவேரி, நீ வீட்டுக்குப் போ. நான் வேற ஆளை அனுப்புதேன்."

"இல்ல மாமா. நான் கொண்டுவிடுதேன். சொன்னது சொன்னதுதானே."

வள்ளம் மூழ்கிய தெருக்களுக்கு நடுவே போனது. இருபுறமும் மொட்டைமாடிகள். சிலவற்றில் அதற்குள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள். யாரோ பவுலினைப் பார்த்துக் கையசைத்தார்கள். பிறகு துடுப்பு பிடித்திருப்பது யார் என்று பார்த்துக் கையை இறக்கிக்கொண்டார்கள்.

சவேரி துடுப்பை மறுபக்கம் மாற்றினார். "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியளே."

"கேளுங்க தம்பி."

"கடைசியா ரெண்டு போட்டியள்லா. வேற வழியில்லையா? நானும் சின்னப்பிள்ளையில ஆடிருக்கேன். ஆனா மரம் எந்திரிச்சாப்புறம் எனக்கு ஒண்ணும் விளங்கல. வீட்டுல பொஞ்சாதி கேப்பா. வேற வழியே இல்லன்னு சொல்லிட்டா, அவ மனசு கொஞ்சம் ஆறும்."

ஆமாம், வேற வழியில்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். இத்தனை வருடத்தில் எரித்த வீட்டுக்காரர் ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை. கேட்கும் தூரத்தில் அவள் இருந்ததில்லை.

"வழி இருந்துச்சு," என்றாள். "ஒரு சுத்து காத்திருந்திருக்கலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு. வரலன்னா ஆட்டம் இழுத்திருக்கும்."

"தோத்திருப்போமா?"

"இழுத்துட்டே போனா தோத்தும் இருக்கலாம். ஆனா ஒரு சுத்துல இல்ல."

"பெறகு ஏன்?"

"அசதியா இருந்துச்சு தம்பி. முடிஞ்சாப் போதும்னு இருந்துச்சு."

துடுப்பு நின்றது. வள்ளம் தானாகக் கொஞ்சதூரம் நகர்ந்து ஒரு விளக்குக்கம்பத்தில் உரசியது. சவேரி கம்பத்தைக் கையால் தள்ளி வள்ளத்தை விலக்கினார். அவர் கத்துவார் என்று பவுலின் காத்திருந்தாள். கத்தியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"பொய் சொல்லியிருக்கலாம்லா," என்றார். "இத நான் போயி அவகிட்ட எப்பிடிச் சொல்ல?"

கரைமேட்டில் பஸ் வந்து நிற்பது தூரத்தில் தெரிந்தது. அதில் ஏறினால் நாளை வேறொரு கடற்கரையில் வேறொரு கமிட்டி காத்திருக்கும்.

"வள்ளத்தைத் திருப்புங்க," என்றாள் பவுலின். "நான் வந்து சொல்லுதேன்."

சவேரியின் மனைவி பிரகாசி மாடியறை வாசலில் நின்றிருந்தாள். எண் வாசித்ததை அவள் கேட்டுவிட்டாள் என்பது தெரிந்தது. அறையில் பாதிச் சாமான்கள் கட்டிவைக்கப்பட்டிருந்தன. காலையில் சீட்டைத் தொட்டுவிட்டு வந்த கையோடு கட்டத் தொடங்கியிருப்பாள். பிள்ளைகள் பள்ளிப்படகிலிருந்து இன்னும் திரும்பவில்லை.

பவுலின் உட்காராமல், வள்ளத்தில் சொன்னதையே சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பிரகாசி கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் வாய் திறந்தாள்.

"அடுத்த சீட்டு என்னவாம்?"

"பாக்கல."

"ஏன் பாக்கல?"

பிரகாசி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து மாடியில் கட்டிலைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"நீங்க தோத்திருந்தாக்கூட நான் இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன் யக்கா," என்றாள். குரலில் கோபம் இல்லை. கணக்குச் சொல்வதுபோலத்தான் இருந்தது. "தோத்திருந்தா ஊரே இங்கதான கெடக்கும். தண்ணி வந்தாலும் எல்லாருக்கும் சேத்துதான வரும். ராத்திரி யாருக்காவது வலின்னா கூப்பிட ஆள் இருக்கும். இப்ப அஞ்சு வீடு. அதுவும் ஆளுக்கொரு மூலையில. பள்ளிப்படகு அஞ்சு வீட்டுக்காக வருமா? என் பிள்ளையளு யாருகூட வெளையாடும்?"

சவேரி துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

ஜெயித்த ஊர்களைப் பற்றி மட்டுமே பவுலினுக்குத் தெரியும். மேட்டுநகரில் புது வாசல்களில் நின்று எடுத்த படங்களைக் கமிட்டிகள் அனுப்பிவைக்கும். எஞ்சிய வீடுகளை அவள் ஒரு எண்ணிக்கையாகத்தான் நினைத்திருந்தாள். ஐந்துக்குக் குறைவு என்றால் நல்ல ஆட்டம். ஊரெல்லாம் போனபின் அந்த வீடுகளில் யாரோ காலையில் எழுந்திருப்பார்கள், எதிர்வீட்டுக் கதவு திறந்துகிடப்பதைப் பார்ப்பார்கள் என்று அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"அடுத்த ஊருல ஆடப் போவியளா?" என்று பிரகாசி கேட்டாள்.

"தெரியல."

"போனா, காத்திருங்க. அசதியா இருந்தாலும்."

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கதவின் அடியிலிருந்து ஒரு மெல்லிய கோடாக உள்ளே வந்து, தரையின் பள்ளத்தைத் தேடி ஓடியது. பிரகாசிக்கு அது புதிதல்ல. கட்டியிருந்த மூட்டைகளின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, சாமான்களைப் பழையபடி பரண்மேல் ஏற்றத் தொடங்கினாள். மெத்தை மட்டும் ஒரு ஆளால் தூக்க முடியாதது. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க," என்றாள்.

பவுலின் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈரத்தரையில் கால்வைத்து, மறுமுனையைப் பிடித்தாள்.