பூட்டுக் கம்பியின் வெள்ளை நுனி

ஊரே ‘நிதானம்’ என்று அழைக்கும் அந்தத் துப்பறிவாளர், பூகம்பம் வந்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். அவருடைய மைத்துனி நேர்மாறு. அழைப்பு மணி ஓய்வதற்குள் கதவைத் திறந்து, வந்தவரை உட்காரவைத்து, பாதி வழக்கையும் முடித்திருப்பாள்.

அன்று வந்தவன் உட்காரவில்லை.

“பூட்டு உடைச்சு ஏழு வருஷம் உள்ள இருந்தேன் சார். போன வாரம்தான் விட்டாங்க. கூட்டிட்டுப் போக தம்பி வருவான்னு ஜெயில் வாசல்ல சாயங்காலம் வரைக்கும் நின்னேன்.”

தம்பி வரவில்லை. அதற்கு நான்கு நாள் முன்பே, வேலை பார்த்த மெத்தைக் கடையில் மதியம் பிடித்த தீயில் போய்விட்டான். பஞ்சு அடைக்கும் அறையில் அவன் மட்டும். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். தீயணைப்புக்காரர்கள் கூரையைப் பிரித்து இறங்கினார்கள். கதவு திறந்துதான் இருந்தது, அசந்து தூங்கியிருப்பான் என்று முதலாளி சொல்ல, காவல் நிலையத்தில் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

“பீடி பத்தவெச்சிருப்பான், அத்தான்” என்றாள் மைத்துனி.

“அவனுக்குப் புகையே ஆகாதுக்கா. பகல்ல தூங்கவும் மாட்டான்.”

“கதவுல பூட்டு இருக்கா?” என்றார் நிதானம்.

“தொறந்து தொங்குது சார். நான் தொடல. இனிமே பூட்டைத் தொட மாட்டேன்னு தம்பி கையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன்.”

நிதானம் எழுந்தார். வாழ்நாளில் முதல் முறையாகச் செருப்பை மறந்தார்.

கடை வாசலுக்கு இன்ஸ்பெக்டரும் வந்தார். முதலாளி துடைத்த கண்ணீரில் மூன்று கைக்குட்டைகள் நனைந்தன. தட்டு அளவு பூதக்கண்ணாடியோடு மைத்துனி சாம்பலை அலசினாள். நிதானம் இரும்புக் கதவில் தொங்கிய பூட்டை மட்டும் துணியால் பிடித்துத் திருப்பினார்.

“சாப்பிடப் போறப்பவும் இப்படித்தான் தொங்குச்சா?”

“ஆமா சார். அதுக்கப்புறம் நான் தொடவே இல்ல.”

“அப்போ வளைஞ்ச கம்பி முழுக்கக் கரி பிடிச்சிருக்கணுமே. நுனியில ஒரு விரக்கடை மட்டும் பளபளங்குது.” அவர் பூட்டு உடைத்தவன் பக்கம் திரும்பினார். “அது எந்த இடம்?”

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியபடி அவன் எட்டிப் பார்த்தான்.

“பூட்டினா உள்ள போயிடற இடம் சார்.”

“அங்க மட்டும் புகை போகல. தீ எரியறப்ப பூட்டித்தான் இருந்திருக்கு. கதவு பூட்டாம இருந்தா கூரையை ஏன் பிரிக்கணும்? எல்லாம் அணைஞ்ச சந்தடியில சாவியைப் போட்டுத் தொறந்து மாட்டிட்டீங்க, முதலாளி.”

முதலாளியின் கண்ணீர் குழாயை மூடியதுபோல் நின்றது.

“வேற என்ன சார் பண்றது? அண்ணன்காரன் பூட்டு உடைக்கிறவன். தம்பியை எப்படித் தனியா விட்டுட்டுப் போறது? ஏழு வருஷமா மதியம் பூட்டிட்டுத்தான் போவேன்.”

“என்னாலதான் பூட்டறீங்கன்னு அவனுக்குத் தெரியுமா?” என்றான் அண்ணன்.

முதலாளி தலை குனிந்தார். “தெரியும். அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னான்.”

இன்ஸ்பெக்டர் அவரை வண்டியில் ஏற்றினார். மைத்துனி பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டாள். நிதானத்தின் வெறுங்காலில் சாம்பல் ஒட்டியிருந்தது.

அண்ணன் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான்.

“அரை நிமிஷத்துல தொறக்கற பூட்டு சார் இது” என்றான்.