மழைமானிக்குக் கூரை

செந்தரைக் கோளில் மழை வந்தால் யாரும் குடை தேடுவதில்லை. வீடுகளே எழுந்து நின்றுவிடும். மழைக்கணிப்பி என்னும் இயந்திரம் ஆணையிட்டதும் ஒவ்வொரு வீடும் தன் இரும்புக் கால்களை நீட்டி உயரும். வெள்ளம் அடியில் ஓடும். அடுப்பில் கொதிக்கும் குழம்பைக்கூட யாரும் இறக்கி வைப்பதில்லை.

பள்ளத்தூர் மட்டும் பாவப்பட்ட ஊர். அங்கே மழையை அளந்து கணிப்பிக்குச் சொல்லும் மழைமானி கிடையாது. மானி இல்லாத ஊருக்கு, சுற்றியுள்ள மானிகளின் அளவுகளைத் தூரத்துக்கேற்பக் கலந்து கணிப்பி ஒரு கணக்குப் போடும். அந்த மானிகளெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம், தூறலோடு நின்றுவிடும் ஊர்களில் இருந்தன. ஆகவே பள்ளத்தூரில் கொட்டித் தீர்த்தாலும் கணக்கில் தூறல்தான். போன மழையில் அங்கே ஒரு வீடும் எழவில்லை. பூங்கோதையின் கணவன் வெள்ளத்தோடு போனான்.

கைக்குழந்தையோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்து, அவள் ஊருக்கு ஒரு மழைமானி வாங்கி வந்தாள். திறப்பு விழாவுக்கு வட்டப் பிரதிநிதி சோலையப்பன் வந்தார். மேடை கட்டி, மானிக்குப் பின்னால் தலைவர் படத்தை வைத்தார். படம் நனையாமலிருக்க மேலே தகரக் கூரையும் போட்டார். தலைவர் பூமியில் இறந்து நூறு வருடமாகிறது.

“அண்ணே, கூரை போட்டா மானியில எப்படிண்ணே மழை விழும்?” என்றாள் பூங்கோதை.

“அதுக்காகத் தலைவரை நனைய விடச் சொல்றியாம்மா?”

ஊரே கைதட்டியது.

மழை வந்தது. பள்ளத்தூருக்குத்தான் சொந்த மானி இருக்கிறதே, கணிப்பி இப்போது அக்கம்பக்கத்தைக் கேட்கவில்லை. முன்பு தூறலாவது கணக்கில் வந்தது. இப்போது அதுவும் இல்லை.

“எந்திரி! எந்திரிச்சுத் தொலை!” முழங்கால் தண்ணீரில் நின்று வீட்டைப் பார்த்து அலறினாள் பூங்கோதை.

“உங்கள் பகுதியில் மழை இல்லை. இனிய நாளாக அமையட்டும்” என்றது வீடு.

குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒரு குடத்தோடு மேடைக்கு ஓடினாள். வெள்ளத்தையே மொண்டு மானியில் ஊற்றினாள். மறுநொடி பள்ளத்தூர் முழுவதும் எழுந்து நின்றது. அவள் மட்டும் குழந்தையோடு மேடைத் தூணைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

தண்ணீர் வடிந்ததும் சோலையப்பன் நேராக மேடைக்கு வந்தார். படத்தில் சேறு தெறித்திருந்தது.

“எவன்டா இதைச் செஞ்சது?”

வீடுகளிலிருந்து உயிரோடு இறங்கி வந்தவர்கள் பூங்கோதையைக் கைகாட்டினார்கள். ஒருவருக்கும் கூச்சமில்லை. பெய்யாத மழையைக் கணக்கில் காட்டினாள் என்று அவள்மேல் வழக்குப் போட்டார்கள்.

மழைமானிக்கு இப்போது நாலு பக்கமும் சுவர், கதவு, பூட்டு. தலைவர் பிறந்த நாளன்று மட்டும் திறப்பார்கள்.