சுப்பராயன் நடித்துக் காட்டினார்

பிணம் தப்பாக விழுந்தது.

குப்புற விழவேண்டியது, மல்லாக்க விழுந்து, ஆம்பூர் வானத்தைப் பார்த்துச் சிரித்தது!

தோல் துண்டுகளை அடைத்த பொம்மைதான். இருந்தாலும் மூடிக் கிடக்கும் தோல் தொழிற்சாலையின் மொட்டைமாடியில் நின்ற டைரக்டர் சௌந்தர்யா எட்டிப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

அவள் அக்கா அமிர்தவள்ளியும் ஒரு மாடியிலிருந்துதான் விழுந்தாள்.

பள்ளிகொண்டா பெண். ஷூ கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவள், கதாநாயகியாகப் போனாள். அமிர்தி காட்டுப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அவுட்டோர் ஷூட்டிங். டைரக்டர் சுப்பராயனின் அறைக்குப் போக மறுத்தாள். நடிகர் சங்கத்தில் புகார் கொடுப்பேன் என்றாள். மறுநாள் விழுந்து கிடந்தாள்...

தற்கொலை என்று கேஸை மூடினார்கள். சுப்பராயன் மாலையோடு வந்து, டிவி கேமரா எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கமாக அழுதுவிட்டுப் போனார்.

அதைத்தான் சௌந்தர்யா படமாக எடுக்கிறாள். ஒரு கேமரா, ஒரு மைக், ஓசியில் கிடைத்த கட்டிடம்.

மானிட்டர் பக்கத்தில், யூனிஃபார்ம் இல்லாமல் சாதா நூல் புடவையில் பொரி கொறித்துக்கொண்டிருப்பவர் இன்ஸ்பெக்டர் பாக்யலட்சுமி. கேஸைத் திரும்பத் திறந்தவர். சுப்பராயன் மேல் வலுவாக ஒன்றும் சிக்கவில்லை. இந்த வாரத்தோடு ஃபைல் கைமாறுகிறது. அப்புறம் அமிர்தவள்ளி நிரந்தரமாகத் தற்கொலைதான்!

கீழே ஒரு கார் வந்து நின்றது.

காரா அது... கப்பல்! முதலில் மீசை இறங்கியது. பிறகு கூலிங் கிளாஸ். கடைசியில்தான் சுப்பராயன் இறங்கினார். பின்னால் இரண்டு தடியன்கள். பாலாற்றுப் பாலத்தை அவர்கள் கழுத்தில் தாங்கவைக்கலாம்.

மாடியேறி வந்த சுப்பராயன் மூச்சு வாங்காமல் மிரட்டினார். கட்டிட ஓனர் இஷ்தியாக் அகமதுவிடம் கேட்டைப் பூட்டச் சொன்னாராம். பூட்டுச் சாவி தொலைந்துவிட்டது ஜி என்று அந்த ஆள் போனை வைத்துவிட்டானாம். அதனால் நேரிலேயே வந்தாராம். இங்கே வேலை செய்கிற ஒருத்தனுக்கும் இனிமேல் சினிமாவில் டீ வாங்கித் தருகிற வேலைகூடக் கிடைக்காதாம்.

"எந்தத் தியேட்டர்ல ஓட்டுவ? உங்க வூட்டு செவுத்துலகூட ஓட வுடமாட்டேன்."

"ஒரே ஒரு ஷாட் சார். முடிச்சிட்டு மூட்டை கட்டிடறோம்."

"என் வேஷத்த எவன் கட்டறான்?"

அவளுடைய நாற்காலியிலேயே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

வசந்த் முன்னால் வந்தான். வேலூர் பையன். மாடி விளிம்பில், அமிர்தவள்ளி வேஷத்தில், இடுப்பில் கயிறு கட்டி நின்ற முத்துமாரியின் கையைப் பிடித்தான். டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போல! தள்ளினான். கடைக் கதவைத் தள்ளுவது போல!

இன்னொரு டேக். இன்னும் கேவலம்.

சுப்பராயனின் மீசை துடித்தது.

டைரக்டர் என்றால் நடித்துக் காட்டவேண்டும் என்பது கோடம்பாக்கத்துப் பழக்கம். ஹீரோவுக்கு, ஹீரோயினுக்கு, சாகிற கிழவனுக்கு... சுப்பராயன் யானைக்கே நடித்துக் காட்டியவர்! யானை வெட்கப்பட்டதாகக் கேள்வி.

மூன்றாவது டேக்கில் எழுந்தே விட்டார்.

"நவுர்றா. கொலைகாரன் மூஞ்சாடா இது? ரேஷன் கடை க்யூல நிக்கறவன் மாதிரி கீற. கேமராவ ஓட வுடு... பாத்துக் கத்துக்கங்க. ஆக்ஷன்."

சொன்னது அவரே!

முத்துமாரியின் கையை முறுக்கிப் பின்னால் வைத்தார். அவள் முகம் வெளுத்தது.

"கத்தமாட்டா. பயம் ஜாஸ்தியானா சத்தமே வராது. வாய இப்படிப் பொத்து. காதுகிட்ட போ... 'உன்ன அந்தத் தோல் நாத்தத்துலருந்து இட்டாந்தது யாரு?' கோவமா கேக்காத. செல்லமா கேளு."

சௌந்தர்யாவின் நகம் உள்ளங்கையில் இறங்கியது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரே தள்ளு... அவ போய்ட்டா. எடது கால் செருப்பு இங்கயே கழண்டு கெடக்குது. வுட்டுட்டுப் போவியா? எடு."

குனிந்து இல்லாத செருப்பை எடுத்தார். வெறும் மூலைக்கு நடந்தார். இல்லாத மூடியைத் தூக்கினார்.

"தண்ணி டேங்க்ல போடு. மூடு. அப்புறமா கீழ ஓடிப்போய் அழுவு."

வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கைதட்டலுக்காகத் திரும்பினார்.

ஒருத்தரும் தட்டவில்லை.

"கட்" என்றாள் சௌந்தர்யா. "சார்... இந்த சீன்ல முத்துமாரி வெறுங்கால். செருப்பு ஏது? இந்த மாடில டேங்க் ஏது?"

சுப்பராயன் அந்த வெறும் மூலையைப் பார்த்தார்.

பாக்யலட்சுமி மடியிலிருந்த பொரியைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"நான் இன்ஸ்பெக்டர். பொணத்து கால்ல ஒத்தச் செருப்புதான் இருந்திச்சி. அப்ப எவனும் தேடல. போன மாசம் அந்த கெஸ்ட் ஹவுஸ் மொட்டமாடி டேங்க்குல நானே எறங்கித் தேடறப்ப எடது கால் செருப்பு கெடச்சிது. எனக்கும் சௌந்தர்யாவுக்கும் மட்டும்தான் தெரியும்... இப்ப உங்களுக்கும் தெரியுது."

"அது நடிப்பும்மா. சும்மா நடிச்சுக் காட்டினேன். கோர்ட்டுல நிக்காது."

"கோர்ட்டுல நிக்கறது இருக்கட்டும். மொதல்ல ஸ்டேஷன்ல வந்து உக்காருங்க."

சுப்பராயன் கண்ணைக் காட்டினார். தடியன்கள் கேமராவை நோக்கிப் பாய்ந்தார்கள். லைட் பிடித்துக்கொண்டிருந்த நாலு பேர் லைட்டைக் கீழே வைத்தார்கள்.

நாலும் கான்ஸ்டபிள்!

விலங்கு பூட்டும்போது வசந்த் பக்கத்தில் வந்து நின்றான்.

"மூணு டேக்கும் கேவலமா நடிக்கணும்னு மேடம் ஆர்டர் சார். நாக்கு தள்ளிடிச்சி."

சுப்பராயன் சௌந்தர்யாவைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "இந்தப் படம் வெளிய வராதுடி."

"வரும் சார். வில்லன் வேஷத்துக்கு உங்க ஷாட்டையே வெச்சிக்கறேன்" என்றாள் சௌந்தர்யா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "டைட்டில்ல உங்க பேருக்கு முன்னால 'அறிமுகம்'னு போட்டுடறேன்."